காசிக்கு ஏன் போனோம்?

(நம் பங்கின் பொன்விழாக் கூட்டத்தில், யாத்திரைக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பொன்விழாவை முன்னிட்டுப் பங்கிலிருந்து ஒரு யாத்திரை போகவேண்டும் என்று பேச்சு எழுந்தபோது, வேளாங்கண்ணி என்பார்கள், மிஞ்சிப்போனால் கோவா என்பார்கள் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். "காசி" என்றதும் எழுந்த சலசலப்பு உங்களுக்கு நினைவிருக்கும். மாதா கோவில் எத்தனையோ இருக்கக் காசியில் நமக்கு என்ன வேலை என்றார்கள். ஒரு பெரியவர் கோவில் வாசலிலேயே எங்களை நிறுத்தி, "அங்கே போய்க் கங்கையில் முழுகிவிட்டா வரப்போகிறீர்கள்?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. மெய்யான கவலையோடுதான் கேட்டார். அவருக்கும், வாய்விட்டுக் கேளாமல் மனத்துக்குள் கேட்டுக்கொண்டவர்களுக்கும் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. 34 பேர் போய்வந்தோம். அந்த 34 பேர் சார்பிலும் இதைச் சொல்லுகிறோம்.

காசி நமக்கு அந்நியமான ஊர் என்று யார் சொன்னது? தென்காசியும் சிவகாசியும் நம் நாட்டு ஊர்கள். "காசிக்குப் போயும் கருமம் தொலையவில்லை" என்று இந்துக்கள் மட்டுமா சொல்கிறார்கள்? செபமாலையைக் கையில் பிடித்துக்கொண்டு நம் வீட்டுப் பாட்டிமாரும் அதையேதான் சொல்கிறார்கள். நம் அண்டை வீட்டார் இராமேசுவரத்து மணலைக் கங்கைக்குக் கொண்டுபோகிறார்கள். கங்கை நீரைச் சொம்பில் அடைத்து இராமேசுவரத்துக்குக் கொண்டுவருகிறார்கள். காசிக்குப் போனதன் அடையாளமாக ஒரு காயையோ பழத்தையோ ஆயுள் முழுதும் உண்ணாமல் விட்டுவிடுகிறார்கள். அதே அண்டை வீட்டார், நாம் வேளாங்கண்ணிக்குப் புறப்படும்போது மெழுகுதிரி வாங்கிக் கொடுத்து, எங்களுக்காகவும் ஏற்றிவையுங்கள் என்கிறார்கள். அவர்கள் நம் மாதாவை அறிந்திருக்கும் அளவுக்கு நாம் அவர்களுடைய காசியை அறிந்திருக்கிறோமா? நாங்கள் புறப்பட்ட காரணம் இவ்வளவுதான்.

2024 நவம்பர் 2-ஆம் தேதி, சகல ஆத்துமாக்கள் திருநாளன்று, நம் கல்லறைகளை மந்திரித்து மெழுகுதிரி ஏற்றிவைத்துவிட்டு, அந்த வாரமே வண்டி ஏறினோம். 2,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். நாக்பூர் தாண்டியதும் எங்கள் இட்லி மூட்டை காலி. அதன்பிறகு நடந்ததைச் சொல்லாமல் விடுவது நல்லது. 7-ஆம் தேதி மாலை காசியில் இறங்கினோம்.

ஊரின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறோம். வடக்கே வருணை, தெற்கே அசி என்று இரண்டு சிற்றாறுகள் கங்கையில் கலக்கின்றன. அவ்விரண்டுக்கும் இடைப்பட்டது வாரணாசி. இமயத்திலிருந்து இறங்கிக் கிழக்கு நோக்கி ஓடும் கங்கை, இந்த ஊரில் வளைந்து வடக்கு முகமாகத் திரும்புகிறது. ஆகவே மேற்குக் கரையில் நிற்பவனுக்குச் சூரியன் நேர் எதிரே ஆற்றின்மேல் உதிக்கிறது. ஊர் முழுவதும் அந்த மேற்குக் கரையில்தான். படித்துறைகள் 84 என்பது வழக்கு. அவற்றைக் காட் என்கிறார்கள். எதிர்க்கரையில் வெறும் மணல். உலகத்தில் எத்தனையோ நகரங்கள் ஆற்றின் இருபுறமும் வளர்ந்திருக்க, இந்த ஊர் மட்டும் ஒரே கரையில் நெருக்கியடித்துக்கொண்டு விடியலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது.

மறுநாள் விடியுமுன் படகில் ஏறினோம். அன்று சட் பூஜையின் கடைசி நாள் என்பது போன பிறகுதான் தெரிந்தது. பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும் பெண்கள் நோன்பிருந்து சூரியனுக்குச் செய்யும் வழிபாடு அது. இடுப்பளவு குளிர்ந்த நீரில் ஆயிரக்கணக்கான பெண்கள், கையில் முறம்; முறத்தில் வாழைப்பழம், தேங்காய், வீட்டிலேயே சுட்ட கோதுமைப் பலகாரம்; பக்கத்தில் நட்டுவைத்த கரும்பு. நம் பொங்கலை ஆற்றுக்குள் இறக்கிவிட்டாற்போல் இருந்தது. கிழக்கு வெளுக்கும்வரை அப்படியே நின்றார்கள். பூசாரி யாரும் இல்லை. இந்த நோன்புக்குப் பூசாரி தேவையில்லையாம். வீட்டுப் பெண்களே எல்லாம். எங்களோடு வந்த மரியாயின் சேனை அம்மாக்கள் இதை மிகவும் கவனித்துக் கேட்டுக்கொண்டார்கள் என்பதைப் பங்குத்தந்தை அவர்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம்.

படகிலிருந்து இறங்கி விசுவநாதர் கோவில் பக்கம் போனோம். உள்ளே போய்க் கருவறை முன் நிற்பதில்லை என்று இரயிலிலேயே பேசி முடிவு செய்திருந்தோம். நம் நற்கருணைப் பேழையின் முன் மற்றவர்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று நாம் விரும்புகிறோமோ, அப்படியே நாமும் அவர்கள் இடத்தில் நடந்துகொள்வது என்பது எங்கள் கணக்கு. விருந்தாளி கூடத்தில் உட்காரலாம். பூசை அறைக்குள் நுழைய அவசரப்படக்கூடாது. வெளியே நின்று பொற்கோபுரத்தைப் பார்த்தோம். இப்போதுள்ள கோவில் 1780-இல் இந்தூர் அரசி அகில்யாபாய் கட்டியது. கோபுரத்துக்குப் பொன் கொடுத்தவர் பஞ்சாபின் சீக்கிய மன்னர் ரஞ்சித் சிங். அன்றாடப் பூசைப் பொருள் போகிறதோ நம் செட்டிநாட்டு நகரத்தார் சத்திரத்திலிருந்து! இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக, நாள் தவறாமல், பாலும் பூவும் சந்தனமும் சுமந்துகொண்டு "சம்போ, மகாதேவா" என்று முழங்கியபடி சந்துகளின் வழியே போகிறார்கள். கோவிலை ஒட்டி ஞானவாபி மசூதி. 1669-இல் ஔரங்கசீப் காலத்தில் பழைய கோவில் இடிக்கப்பட்ட வரலாறும் அந்த இடத்தில்தான் இருக்கிறது. அதைக் குறித்த வழக்குகள் நீதிமன்றங்களில் நடக்கின்றன. அதில் நாம் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. காவலர்கள் நிறைய நிற்கிறார்கள் என்பதை மட்டும் பார்த்தோம்.

பழைய காசியைப் பார்த்தவர்கள் சொல்லும் இருண்ட சந்துகள் இந்தப் பக்கத்தில் இப்போது இல்லை. முந்நூறுக்கும் மேற்பட்ட கட்டிடங்களை விலைக்கு வாங்கி இடித்து, கோவிலிலிருந்து கங்கைவரை அகலமான வளாகம் அமைத்து, 2021 டிசம்பர் 13-இல் திறந்திருக்கிறார்கள். 1916 பிப்ரவரியில் காசி இந்துப் பல்கலைக்கழகத் தொடக்க விழாவுக்கு வந்த காந்தியடிகள், மேடையில் மன்னர்கள் வீற்றிருக்க, இக்கோவிலைச் சுற்றிய தெருக்களின் அழுக்கைப் பற்றி வெளிப்படையாகப் பேசிவிட்டார். புதிய வளாகத்தைப் பார்த்தால் அவர் சுத்தத்தை மெச்சியிருப்பார். அங்கே குடியிருந்தவர்கள் எங்கே போனார்கள் என்றும் விசாரித்திருப்பார் என்று எங்களுக்குத் தோன்றியது.

இனி, நாங்கள் சொல்ல வந்த முக்கியமான இடம். மணிகர்ணிகைத் துறை.

பெயரைக் கேட்டிருப்பீர்கள். பிணம் எரிக்கும் துறை. தெற்கே சற்றுத் தள்ளி அரிச்சந்திரன் பெயரால் இன்னொரு துறையும் உண்டு. மணிகர்ணிகையில் இரவு பகல் என்று பாராமல் சிதை எரிகிறது. கரை நெடுகிலும் விறகு, மலைபோல. அதை நிறுக்கப் பெரிய தராசு. மூங்கில் பாடையில், பளபளக்கும் துணி போர்த்தி, "ராம் நாம் சத்ய ஹை" என்று சொல்லிக்கொண்டு குறுகிய சந்து வழியே உடலைச் சுமந்து வருகிறார்கள். ஒருமுறை கங்கையில் நனைத்துப் படியில் கிடத்திவிட்டு, முறை வரும்வரை காத்திருக்கிறார்கள். தலை மழித்து வெள்ளைத் துணி உடுத்திய மகன் சிதையைச் சுற்றிவந்து தீ வைக்கிறான். எரிந்து முடிய மூன்று மணி நேரம் ஆகிறது. கடைசியில் மண்குடத்து நீரைத் தோளுக்குப் பின்னால் எறிந்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறான்.

அழுகுரல் அதிகம் இல்லை. பெண்கள் அங்கே வருவது வழக்கமில்லை. நாய்கள் படுத்திருக்கின்றன. ஆடுகள் பாடையிலிருந்து விழுந்த சாமந்தி மாலையைத் தின்கின்றன. பத்தடி தள்ளி ஒருவர் மண் குவளையில் டீ விற்கிறார். எங்களோடு வந்த எழுபது வயது கடந்த ஓர் அம்மா, கணவரைச் சென்ற ஆண்டுதான் அடக்கம் செய்தவர். அவரை இங்கே அழைத்து வந்திருக்க வேண்டாமோ என்று எங்களில் சிலர் தயங்கினோம். அவர் அரைமணி நேரம் நின்று பார்த்துவிட்டு, "நம்ம ஊர்ல ஆஸ்பத்திரியிலேயே மூடிக் கொண்டாந்துடறாங்க. இங்க எல்லாத்தையும் பார்த்து அனுப்பறாங்க" என்றார். பிறகு அந்த டீயை வாங்கிக் குடித்தார். எங்கள் தயக்கம் அதோடு தீர்ந்தது.

காசியில் இறந்தால் முக்தி என்பது இந்துக்களின் நம்பிக்கை. சாகும் தறுவாயில் இருப்பவர்களை உறவினர் தூரத்து ஊர்களிலிருந்து கொண்டுவந்து, இங்கே தங்கவைத்துக் காத்திருப்பதும் உண்டு. நம் விசுவாசம் வேறு. உடல் உயிர்த்தெழும் என்று விசுவாசப் பிரமாணத்தில் அறிக்கையிடுகிறவர்கள் நாம். அந்த வேறுபாட்டை எங்களில் யாரும் மறைக்கவோ மழுப்பவோ இல்லை. ஆனால் சாவை ஊரின் நடுவில் வைத்துக்கொண்டு, அதன் பக்கத்திலேயே பிள்ளைகள் பட்டம் விடும் ஒரு நகரத்தைப் பார்க்கும்போது, நல்ல மரணத்துக்காகச் சூசையப்பரிடம் நாம் செய்யும் செபம் வேறொரு கனத்தோடு வாயில் வந்தது.

அந்தத் துறையில் ஒரு கேள்வியும் எங்களைப் பிடித்துக்கொண்டது. சிதைக்கு நெருப்பு எங்கிருந்து வருகிறது? தீப்பெட்டியிலிருந்து வரக்கூடாது. அங்கே அணையாமல் காக்கப்படும் நெருப்பிலிருந்துதான் எடுக்கவேண்டும். அதைக் காப்பவர்கள் டோம் என்னும் சாதியார். மகாராஜாவானாலும் பண்டிதரானாலும் டோம் கையிலிருந்து நெருப்பு வாங்கினால்தான் காசியில் கடைசிக் காரியம் நடக்கும். ஆனால் அதே டோம் மக்கள் தலைமுறை தலைமுறையாகத் தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்கள். வெந்த எலும்பைக் கிளறிக் கிளறிக் கண் சிவந்துபோன இளைஞர்களைப் பார்த்தோம். முக்திக்கு வாசலைத் திறந்துவிடுகிறவனுக்கு ஊருக்குள் வாசல் இல்லை.

நம் ஊர்த் திருவிழாக்களில் அரிச்சந்திரன் நாடகம் விடிய விடிய நடக்கும். மயான காண்டத்தில் அழாதவர் கிடையாது. பொய் சொல்லமாட்டேன் என்ற ராஜா, இதே காசியில் சுடுகாடு காப்பவனுக்கு அடிமையாகி, சொந்தப் பிள்ளையின் சவத்துக்கே கூலி கேட்டு நின்றான். அவனுக்காக அழுதோம், சரி. அவனை விலைக்கு வாங்கிய அந்தச் சுடுகாட்டுக்காரனின் பிள்ளைகளுக்காக யார் அழுதார்கள்?

இதைச் சொல்லிவிட்டு நம் ஊரைப் பற்றிப் பேசாமல் போனால் முறையாகாது. தமிழ்நாட்டில் சில கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பக்கம் ஒதுக்கி, நடுவில் சுவரும் எழுப்பியிருக்கிறார்கள் என்பது ஊரறிந்த செய்தி. நம் பங்கில் சுவர் இல்லை. அதற்காகத் தேவனுக்குத் தோத்திரம். ஆனால் இந்தப் பொன்விழா மலரில் இதுவரை பணியாற்றிய பங்குத்தந்தையர் படம் வரிசையாக வருகிறது. உபதேசியார் படம் வருகிறது, பாடகர் குழு வருகிறது, நன்கொடையாளர் பட்டியல் தொகையோடு வருகிறது. ஐம்பது ஆண்டுகளாக நம் வீட்டுச் சாவுகளுக்கெல்லாம், மழையென்றும் இரவென்றும் பாராமல், குழி வெட்டிய குடும்பத்தாரின் பெயர் எந்தப் பக்கத்தில் வருகிறது? காசியிலிருந்து திரும்பிய வாரமே அவர்கள் பெயர்களைக் கேட்டு எழுதி மலர்க் குழுவிடம் கொடுத்திருக்கிறோம். படமும் எடுத்துத் தந்திருக்கிறோம். இடமில்லை என்றால், இந்த உரையைச் சுருக்கிவிட்டு அதைப் போடலாம்.

கேதார் காட், அனுமன் காட் பக்கம் போனால் நடை பாதியில் நின்றுவிடுகிறது. பெயர்ப்பலகையில் தமிழ்! சாம்பார் வாசனை! கேதாரத் துறையருகே குமரகுருபரர் நிறுவிய மடம் இருக்கிறது. திருவைகுண்டத்தில் பிறந்த அவர் 17-ஆம் நூற்றாண்டில் இங்கே வந்தார். பாதுசாவோடு பேச இந்துஸ்தானி வேண்டுமே என்று கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லிமாலை பாடினார் என்பது கர்ணபரம்பரை. பிறமொழிக்காரரிடம் பேசப்போகிறவன் முதலில் அவருடைய மொழியைக் கற்கவேண்டும் என்னும் பாடம், அதே நூற்றாண்டில் மதுரையில் தத்துவபோதகர் என்று பெயர் பூண்ட நம் இராபர்ட் தெ நொபிலி சுவாமியும் கடைப்பிடித்ததுதான். அனுமன் காட்டில் பாரதியார் 1898 முதல் 1902 வரை அத்தை வீட்டில் தங்கிப் படித்தார். அவருடைய மீசையும் முண்டாசும் காசி கொடுத்தவை என்பார்கள். அந்த வீட்டில் 2022 டிசம்பரில் தமிழ்நாடு அரசு நினைவிடம் அமைத்துத் திறந்திருக்கிறது. நம் இளைஞர்கள் அங்கிருந்து கிளம்பவே மனமில்லாமல் நின்றார்கள்.

கங்கை சுத்தமாக இருக்கிறதா என்று எல்லோரும் கேட்கிறீர்கள். கண்ணுக்குப் படித்துறைகள் முன்னைவிடச் சுத்தம் என்கிறார்கள். தண்ணீர்? அதற்கு ஒரு மனிதரைப் பற்றிச் சொல்லவேண்டும். வீரபத்திர மிஸ்ரா. சங்கட மோசன் அனுமன் கோவிலின் மகந்த், அதாவது தலைமை அர்ச்சகர். அதோடு காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் நீரியல் பொறியியல் பேராசிரியர். காலையில் கங்கையைத் தாயே என்று கும்பிட்டு முழுகுவார். அதே கங்கையின் நீரைக் குப்பியில் எடுத்து, சாக்கடைக் கிருமி எவ்வளவு என்று தம் ஆய்வுக்கூடத்தில் எண்ணுவார். 1982-இல் இதற்கென்றே ஓர் அறக்கட்டளை தொடங்கினார். 1986-இல் ராஜீவ் காந்தி கங்கைத் தூய்மைத் திட்டத்தைக் காசியில்தான் தொடங்கிவைத்தார். பணம் செலவாயிற்று, சாக்கடை நிற்கவில்லை. மிஸ்ரா 2013-இல் இறக்கும்வரை அதைச் சொல்லிக்கொண்டே இருந்தார். கங்கை அழுக்கு என்று சொன்னால் பக்தர்கள் மனம் புண்படும். தாய்மீது அழுக்கு கொட்டப்படுகிறது என்று சொன்னால் எழுந்து வருவார்கள் என்பது அவர் கண்ட வழி. பக்தியும் விஞ்ஞானமும் ஒரே மனிதருக்குள் சண்டையில்லாமல் குடியிருக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. 2006 மார்ச் 7-இல் அவருடைய கோவிலிலும் இரயில் நிலையத்திலும் குண்டு வெடித்துப் பலர் மாண்டபோது, அவர் வழிபாட்டை நிறுத்தவில்லை. பழிவாங்கும் பேச்சுக்கும் இடம் கொடுக்கவில்லை. முஸ்லிம் பெரியோர்களும் முன்வந்து சேர்ந்து நிற்க, ஊர் அமைதியாக இருந்தது.

சனிக்கிழமை சாரநாத். காசியிலிருந்து ஏறத்தாழ 10 கிலோமீட்டர். கூச்சலுக்கும் நெரிசலுக்கும் பிறகு, அங்கே மரநிழலும் புல்வெளியும் கண்டதும் எங்களில் பாதிப்பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ஞானம் பெற்ற புத்தர், முன்பு தம்மைவிட்டுப் பிரிந்துபோன ஐந்து தோழர்களைத் தேடிவந்து, இந்த மான் சோலையில்தான் முதல் போதனையைச் சொன்னார். தாமேக் தூபி செங்கல்லும் கல்லுமாக எழுந்து நிற்கிறது. விட்டம் 28 மீட்டர், அடித்தளத்தோடு சேர்த்து உயரம் 43 மீட்டருக்கு மேல். பக்கத்தில் இருந்த இன்னொரு தூபி இப்போது வட்டமான அடித்தளம் மட்டுமே. 1794-இல் ஜகத் சிங் என்ற காசி அதிகாரியின் ஆட்கள், கடைவீதி கட்டச் செங்கல் வேண்டுமென்று அதைப் பிரித்துவிட்டார்கள். உள்ளே ஒரு பேழையில் எலும்புத் துண்டுகள் இருந்தன. அவற்றைக் கங்கையில் விட்டுவிட்டார்கள்.

அசோகர் தூணின் உடைந்த அடிப்பகுதி அங்கேயே நிற்கிறது. அதன் உச்சியில் இருந்த நான்கு சிங்கங்கள் 1904-05 அகழ்வில் கிடைத்து, பக்கத்து அருங்காட்சியகத்தில் நுழைந்ததும் எதிரே இருக்கின்றன. ஏழடி உயரம், சுனார் மணற்கல். இரண்டாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் கண்ணாடிபோல் வழுவழுப்பு. 1950 ஜனவரி 26 முதல் நம் அரசின் சின்னம் இதுதானே. சட்டைப் பையில் இருக்கும் ரூபாயில் பார்த்த சிங்கத்தை நேரில் பார்த்ததும் எங்கள் பிள்ளைகள் கைதட்டினார்கள். காவலர் அதட்டினார்.

அந்தத் தூணில் அசோகர் என்ன எழுதிவைத்தார் தெரியுமா? அந்தப் பிராமி எழுத்தை 1837-இல் படித்துக் காட்டியவர், முன்பு பத்தாண்டு காசி நாணயசாலையில் வேலை பார்த்த ஜேம்ஸ் பிரின்செப். அதில் இருப்பது பெரிய தத்துவம் ஒன்றுமில்லை, கண்டிப்பான உத்தரவு. சங்கத்தைப் பிளவுபடுத்தும் துறவி யாராயினும், துறவாடையைக் கழற்றி வெள்ளைத் துணி உடுத்தி மடத்துக்கு வெளியே அனுப்பிவிடவேண்டும் என்கிறது. வெள்ளை உடுத்தியவர் அங்கே இல்லறத்தார் என்று பொருள். நம் சுவாமிமார் வெள்ளை அங்கி அணிவதை இதோடு சேர்த்து யாரும் வம்பு பேசவேண்டாம். சங்கத்துக்குள் கட்சி கட்டுவது எத்தனை பழைய வியாதி என்பதை மட்டும் நம் பங்குப் பேரவையார் கவனிப்பார்களாக.

இலங்கையைச் சேர்ந்த அநாகரிக தர்மபாலா முயன்று எழுப்பிய விகாரை 1931-இல் திறக்கப்பட்டது. சுவர் ஓவியங்களைத் தீட்டியவர் ஒரு ஜப்பானியர். பின்னால் இருக்கும் அரசமரம் அநுராதபுரத்து மகாபோதியின் கன்று. தான் பிறந்த மண்ணில் அற்றுப்போன விசுவாசத்தை, அதைப் பெற்றுக்கொண்ட தீவு திரும்பக் கொண்டுவந்து நட்டிருக்கிறது. ஐரோப்பாவில் ஆள் குறைந்த கோவில்களில் இன்று பூசை வைக்கும் நம் தமிழ்க் குருக்களை நினைத்துக்கொண்டோம்.

பட்டுப்புடவை வாங்கினோமா என்று தாய்மார்கள் கேட்பது காதில் விழுகிறது. வாங்கினோம். பனாரஸ் பட்டை நெய்கிறவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். இந்துக் கல்யாணத்துக்கு அவர்கள் நெய்த புடவை இல்லாமல் முடியாது. கைத்தறி என்று சொல்லி விசைத்தறிச் சரக்கை விற்பவர்கள் சந்துக்குச் சந்து இருக்கிறார்கள், எச்சரிக்கை. நெசவாளர் வீட்டில் வளர்ந்த கபீர்தாசர் இந்த ஊர்க்காரர்தான். காசியில் செத்தால்தான் முக்தி என்பதை ஒப்புக்கொள்ளாமல், அங்கே செத்தால் நல்ல கதி கிடையாது என்று சொல்லப்பட்ட மகஹர் என்ற ஊருக்கு முதுமையில் வேண்டுமென்றே போய் உயிர் நீத்தார். இன்று அங்கே அவருக்கு இந்துக்கள் கட்டிய சமாதியும் உண்டு, முஸ்லிம்கள் கட்டிய கல்லறையும் உண்டு. நம் காலத்தில் ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான். ஐந்து வேளை தொழுகிற முஸ்லிம். கங்கைக் கரைப் பாலாஜி கோவிலில் உட்கார்ந்து சாதகம் செய்தவர். 2001-இல் பாரத ரத்னா பெற்றார், 2006-இல் இறந்தார். அமெரிக்காவில் குடியேறச் சொன்னவர்களிடம், கங்கையை அங்கே கொண்டுவர முடியுமா என்று கேட்டாராம்.

ஞாயிறன்று கண்டோன்மெண்ட் பகுதியிலுள்ள மரியன்னை பேராலயத்தில் திருப்பலி கண்டோம். காசி 1970-இல் மறைமாவட்டம் ஆயிற்று. நம்மவர் தொகை அங்கே மிகச் சொற்பம். ஆனால் கிறிஸ்துமஸ் சமயத்தில் அந்தப் பேராலயத்தைப் பார்க்க வரும் கூட்டம் பெருங்கூட்டம். வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள். இந்திய மறைபரப்புச் சபை என்னும் துறவற சபை 1941-இல் தோன்றியதும் இவ்வூரில்தான். பூசை முழுவதும் இந்தி. ஒரு சொல்லும் புரியாத நிலையிலும் எங்கே மண்டியிடவேண்டும், எங்கே எழுந்திருக்கவேண்டும் என்பது எங்கள் 34 பேருக்கும் தெரிந்திருந்தது. கங்கையில் அத்தனை ஆயிரம் பேர் நடுவே நாங்கள் விருந்தாளிகள், இங்கே வீட்டுக்காரர்கள்.

"நம் வேதத்துக்கு இது அடுக்குமா?" என்று கேட்ட பெரியவருக்கு இனி நேராகவே சொல்கிறோம். ஐயா, 1964-இல் பம்பாய் நற்கருணை மாநாட்டுக்கு வந்த பாப்பரசர் ஆறாம் சின்னப்பர், பிற சமயத் தலைவர்கள் முன்னிலையில் உபநிடதத்துப் பிரார்த்தனை ஒன்றைத் தம் வாயாலேயே எடுத்துச் சொன்னார். மறு ஆண்டு, 1965 அக்டோபர் 28-இல், வத்திக்கான் சங்கம் பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையில் இந்து சமயத்தையும் பௌத்தத்தையும் பெயர் சொல்லியே குறிப்பிட்டு, அவற்றில் உண்மையும் புனிதமுமாய் உள்ள எதையும் திருச்சபை தள்ளுவதில்லை என்று அறிவித்தது. அதே மூச்சில், வழியும் உண்மையும் உயிருமான கிறிஸ்துவை அறிவிப்பதையும் நிறுத்தமாட்டோம் என்றது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் போனோம். நாங்கள் முழுகவில்லை. கரையில் குனிந்து முகம் கழுவினோம், தண்ணீர் குளிர்ந்திருந்தது.

அன்று மாலை பஞ்சகங்கைத் துறையில் கண்டதையும் சொல்லவேண்டும். அங்கே கார்த்திகை மாதம் முழுவதும் உயரமான மூங்கில் நட்டு, அதன் நுனியில் பிரம்புக் கூடைக்குள் அகல்விளக்கு வைத்துக் கயிற்றால் மேலே ஏற்றுகிறார்கள். ஆகாச தீபம் என்று பெயர். மாண்டுபோன முன்னோருக்கு வழிதெரியவேண்டும் என்பதற்காகவாம். இருட்டில் வரிசையாக ஆடிக்கொண்டிருந்த அந்த விளக்குகளைப் பார்த்து, எட்டு நாளுக்கு முன் நம் கல்லறைகளில் நாம் ஏற்றிவைத்த மெழுகுதிரிகளின் நினைவு வந்தது. யாரும் சொல்லாமலேயே அந்த அம்மா மரித்தவர்களுக்கான செபத்தைத் தொடங்கினார். மெல்லிய குரலில் நாங்களும் சேர்ந்துகொண்டோம். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார்.

இனிப் போக விரும்புவோருக்கு இரண்டொரு வார்த்தை. நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். ஆனால் டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் வண்டிகள் பல மணி நேரம் தாமதமாகும். மணிகர்ணிகையில் படம் எடுக்காதீர்கள். ஏழைகளுக்கு விறகு வாங்கப் பணம் கொடுங்கள் என்று அங்கே உங்களை ஒட்டிக்கொள்ளும் ஆட்களுக்குச் சல்லிக்காசு கொடுக்காதீர்கள். சாரநாத் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. கம்பளி அவசியம். இட்லி மூட்டையை இரண்டாகக் கட்டிக்கொள்ளுங்கள். பெயர் கொடுக்க விரும்புவோர் ஞாயிறு இரண்டாம் பூசைக்குப் பின் எங்களைக் கோவில் முற்றத்தில் பார்க்கலாம். அந்தப் பெரியவர் தம் பெயரை ஏற்கெனவே கொடுத்துவிட்டார்.